கொய்யா மரத்துக்கு வருவது எந்த வௌவால்? – கேள்வி பதில்

சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர்: ராத்திரி எங்கள் கொய்யாவுக்கு வருவது சலீம் அலி வௌவால் என்கிறான் தம்பி. நிஜமாகவா?

இல்லைங்க. அது குறுமூக்குப் பழ வௌவால். கொய்யா, சப்போட்டா, வாழை இருக்கிற ஊரெல்லாம் இருக்கும். சலீம் அலி பழ வௌவால் உங்களுக்கு மேலே மேகமலையில், பசுமைமாறாக் காட்டுக் குகைகளில் தங்குவது. களக்காடு முண்டந்துறைப் பக்கமும் பதிவாகியிருக்கிறது. தம்பிக்கு ஆசை அதிகம், அவ்வளவுதான்.

விலங்கியல் மாணவி: போட்டோவில் எப்படிப் பிரிப்பது?

அளவை நம்பாதீர்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் காது. குறுமூக்குக்குக் காதோரம் சுண்ணாம்பு தீட்டினாற்போல் வெளிறிய கோடு ஓடும். சலீம் அலிக்கு அது கிடையாது. அடுத்து வால். குறுமூக்குக்குக் குட்டையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மற்றதற்கு வெளியே வாலே தெரியாது. சந்தேகம் தீரப் பல்லைப் பார்க்க வேண்டும். வெட்டுப்பற்கள் குறுமூக்குக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி, சலீம் அலிக்கு ஒவ்வொரு ஜோடிதான்.

அதே மாணவி: இவ்வளவு வித்தியாசம் இருந்தும் குழம்பினார்களா?

நன்றாகவே. 1948-ல் மேகமலையில் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரே ஒரு சலீம் அலி வௌவாலை, குறுமூக்கு என்றே பெயரிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று அறிவித்தார். காட்டில் மறுபடி கண்ணில் பட்டது 1990-களில்தான். பதப்படுத்திய தோலில் காதோரத்து வெளுப்பு சரியாகத் தெரியாமல் போகலாம். பல் பொய் சொல்லாது. அருங்காட்சியக அலமாரிகளைத் திரும்பத் திரும்பத் திறக்கவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் நெட்டிலிங்கத்தில் உள்பக்கக் கொப்புகளைக் கடித்துக் குடை மாதிரி ஆக்கியிருக்கிறது. எது?

குறுமூக்கு ஆண். பெண்களை வரவழைக்கக் கூடாரம் கட்டுகிறார். கூந்தற்பனையின் காய்க்குலையிலும் இதே வேலைதான். மரம் பட்டுப்போகாது, விட்டுவிடுங்கள்.

இன்னொருவர்: வௌவால் கடித்த பழத்தை வெட்டிச் சாப்பிடலாமா?

கூடாது. எந்த வௌவாலானாலும் சரி, கடித்த பழம் குப்பைக்குத்தான். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.