நாடிக்குக் கீழே இருப்பது கொழுப்புதானா?

“டபுள் சின்னை உறிஞ்சி எடுத்துவிடலாமா, டாக்டர்?” இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். மார்த்தாண்டம், குளச்சல், தோவாளை, தக்கலை என்று குமரி மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். கல்யாண மாதங்கள் நெருங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு ஏழுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. நாடிக்குக் கீழே தொங்குவது தோலாக இருக்கலாம், தளர்ந்த தசையாக இருக்கலாம், வீங்கிய சுரப்பியாக இருக்கலாம். நாடி எலும்பே உள்வாங்கியிருப்பதாலும் அப்படித் தெரியலாம். லைப்போசக்‌ஷன் என்னும், குழாய் போட்டு உறிஞ்சும் சிகிச்சை கொழுப்பை மட்டும்தான் எடுக்கும்.

எனக்கு 27 வயது. ஒல்லியான உடம்புதான், 52 கிலோ. ஆனால் நாடிக்குக் கீழே மட்டும் ஒரு மடிப்பு. அம்மாவுக்கும் பாட்டிக்கும் இப்படித்தான். பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் அழுகையே வருகிறது. ஆவணிக் கடைசியில் கல்யாணம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. செய்துகொள்ளலாமா? – மார்த்தாண்டம் வாசகி

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்துமோ அந்த வகையில்தான் வருகிறீர்கள். இளம் வயது, சீரான எடை, பரம்பரையாக ஓரிடத்தில் மட்டும் சேர்ந்த கொழுப்பு. சாப்பாட்டைக் குறைத்தாலும் ஓடினாலும் இந்த மடிப்பு லேசில் கரையாது. அது உங்கள் குற்றமும் இல்லை.

ஆனாலும் விரலால் தொட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. என் அறைக்கு வருபவர்களுக்கு நான் செய்யும் முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நிமிர்ந்து உட்காரச் சொல்லி, நாடிக்குக் கீழே உள்ள சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிப்பேன். பிறகு, “ஈ… என்று பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்குங்கள்” என்பேன். கழுத்தின் முன்பக்கம் விரிப்பு மாதிரி மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. பிளாட்டிஸ்மா என்று பெயர். அது இறுகும்போதும் கொழுப்பு என் விரல்களுக்குள்ளேயே நின்றால், அது தசைக்கு மேலே இருக்கும் கொழுப்பு. குழாய் போட்டு எடுக்கலாம். விரலை விட்டு நழுவி உள்ளே போய்விட்டால் தசைக்கு அடியில் இருக்கிறது என்று பொருள். லைப்போசக்‌ஷன் குழாய் அங்கே போகக் கூடாது. அடுத்து, தோலை இழுத்து விடுவேன். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் நல்லது. கொழுப்பு போன பிறகு சுருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியது அந்தத் தோல்தான்.

இனி நாள் கணக்கு. ஆறு வாரம் போதாது. நாடிக்கு அடியில் ஒன்று, தேவைப்பட்டால் காது மடலுக்குப் பின்னால் இரண்டு என்று சில மில்லிமீட்டர் அளவில் துளை போடுவார்கள். உப்பு நீரில் மரத்துப்போகும் மருந்தும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். ஒரு மணி நேர வேலை. எடுக்கும் கொழுப்பு 100 மில்லியைத் தாண்டுவது அபூர்வம். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. அன்றைக்கே வீட்டுக்கும் போய்விடலாம். ஆனால் கன்றிப்போன நீலம் மறைய இரண்டு வாரம் ஆகும். வீக்கம் பெரும்பாலும் வடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நாடிக்கு அடியில் மரத்த மாதிரியும் கட்டிக் கட்டியாகவும் சில வாரம் இருக்கும். கழுத்தின் உண்மையான வடிவம் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம். முதல் ஒன்றிரண்டு வாரம் நாடியைச் சுற்றி அழுத்தப் பெல்ட்டும் போட வேண்டும். நம் ஊர் வேக்காட்டில், வேர்வையில், அது லேசான காரியம் இல்லை.

கல்யாணப் பட்டும் பூவும் எடுக்க அலைய வேண்டிய நாட்களில் இந்தப் பெல்ட்டோடு இருக்க வேண்டாம், தங்கச்சி. கல்யாணம் முடியட்டும். அடுத்த பொங்கலுக்குள் இந்த மடிப்பு உங்களை இப்போதைப் போலவே வருத்தினால் அப்போது வாருங்கள், பார்ப்போம். உங்களைப் பிடித்துப்போய்ச் சம்மதம் சொன்னவர் இந்த நாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு 56 வயது. கல்ஃபில் 20 வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சுகர் வந்ததால் 18 கிலோ குறைத்தேன். இப்போது கழுத்தில் தோல் தொங்குகிறது, ‘சேவல் தாடி மாதிரி’ என்று பேரன் சொல்கிறான். உறிஞ்சி எடுத்தால் சரியாகுமா? – குளச்சல் வாசகர்

சரியாகாது. இன்னும் மோசமாகும்.

18 கிலோ குறைத்தது பெரிய காரியம். முதலில் அதற்கு என் வாழ்த்து. உங்களுக்குக் கொழுப்பு ஏற்கெனவே போய்விட்டது. மீதி இருப்பது இழுவை விட்டுப்போன தோலும், நடுவில் பிரிந்து இரண்டு கயிறு மாதிரித் தெரியும் தசை ஓரங்களும். இதில் இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் எடுத்தால் தோல் தசையோடு ஒட்டிக்கொண்டு நடுவில் பள்ளம் விழும், இரண்டு பக்கமும் மேடு தெரியும். படம் எடுத்த நாகத்தின் கழுத்தோடு இதை ஒப்பிட்டுத்தான் எங்கள் துறையிலும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்ததில்லை. தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் உங்கள் வயதுள்ள ஒருவர் வந்தார். “கத்தி வைக்காமல் முடியுங்கள், டாக்டர்” என்று கெஞ்சினார். தோல் தளர்ந்திருப்பது தெரிந்தும் மனம் இளகி லைப்போசக்‌ஷன் செய்தேன். மூன்று மாதம் கழித்து வந்து என் முன்னால் உட்கார்ந்தவர், பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்த கழுத்தைத் துண்டால் மூடியிருந்தார். துண்டை எடுக்கச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. பிறகு தோலையும் தசையையும் இறுக்கும் பெரிய அறுவையைச் செய்துதான் ஓரளவு சரிசெய்ய முடிந்தது. முதல் நாளே அவரிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்கும் உண்மையான தீர்வு அந்தக் கழுத்துத் தூக்கும் அறுவைதான். சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் ஓரம் கருகிப்போகும் ஆபத்து உண்டு. இத்தனை பாடு வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். உடம்புக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வயது 38. பள்ளிக்கூட டீச்சர். ஒரு வருடமாகத்தான் கழுத்தின் முன்பக்கம் தடித்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் குடிக்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்குவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். எத்தனை சிட்டிங் ஆகும்? – தக்கலை வாசகி

சிட்டிங் பேச்சு வேண்டாம். விழுங்கும்போது கூடவே ஏறி இறங்குவது தைராய்டு சுரப்பியின் அடையாளம். அது கழலையாக இருக்கலாம். இந்த வாரத்திலேயே ஒரு பொது அறுவை மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். ரத்தத்தில் தைராய்டு சோதனையும் கழுத்துக்கு ஸ்கேனும் எடுப்பார்கள், தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான கழலைகள் புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கட்டி கல் மாதிரி இறுகியிருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். சில மாதங்களுக்குள் முகமும் கழுத்தும் திடீரென்று பருத்தால், முதலில் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று பாருங்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும், ‘உடம்பு தேற’ என்றும் கையில் கிடைத்ததை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முகம் முழுநிலா மாதிரி ஊதும். அதை உறிஞ்சி எடுக்க முடியாது. நினைத்த மாத்திரத்தில் அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு அழகு நிலையத்தில் ‘ஃபேட் டிசால்வ்’ ஊசி போடுகிறார்கள். மூன்று ஊசியில் டபுள் சின் போய்விடும் என்கிறார்கள். அறுவையைவிட இது நல்லதுதானே? – நாகர்கோவில் வாசகி

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. டிஆக்ஸிகோலிக் அமிலம் என்பது அதன் மருந்து. நம் பித்தநீரில் இயற்கையாகவே இருக்கும் பொருள்தான். நாடிக்குக் கீழுள்ள கொழுப்புக்கென்று 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. ஒரு தடவை போட்டால் அடுத்ததுக்கு ஒரு மாதமாவது இடைவெளி விட வேண்டும். ஆறு தடவை வரை தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் நாடி நன்றாக வீங்கும். கொஞ்சமாகக் கொழுப்பு இருந்து, கத்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது ஒரு வழி.

கேள்வி, யார் கையில் ஊசி இருக்கிறது என்பதுதான். அந்த அமிலத்துக்குக் கொழுப்பு, தோல், நரம்பு என்ற வித்தியாசம் தெரியாது. ஆழம் தவறினால் தோல் வெந்து புண்ணாகும். தாடை ஓரத்து நரம்பில் பட்டால் வாய் கோணும். சீசாவில் என்ன இருக்கிறது என்று லேபிளில் படிக்க முடியாத எதையும் உங்கள் கழுத்தில் போட விடாதீர்கள். ஐப்ரோ திருத்துகிற நாற்காலியில் மருத்துவ ஊசி போடக் கூடாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அப்படி வெந்த தோலோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் கழுத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். செய்துவிடலாம் என்று அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பிவிட்டார். – தோவாளை வாசகி

அம்மா, அந்தப் பணத்தை அப்படியே வங்கியில் போட்டு வையுங்கள். 16 வயதில் முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. கன்னம் வற்றும், தாடை எலும்பு திருத்தமாகும். இன்றைக்கு இருக்கிற நாடி 20 வயதில் இருக்காது. இந்த வயதுப் பிள்ளைக்கு நான் இதைச் செய்ய மாட்டேன்.

என்னைக் கலங்க வைத்தது ‘சாப்பிடவே மாட்டேன்’ என்ற வரிதான். கழுத்தை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். தட்டைத் தள்ளிவிடுகிறாளா, சாப்பிட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுகிறாளா, கண்ணாடியை விட்டு நகர மறுக்கிறாளா? இப்படி ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் கூட்டிப்போங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் மகளிர் மருத்துவரையும் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் போய்க் கேலியைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, போனைக் கீழே பிடித்து ஒன்று, கண் மட்டத்தில் தள்ளிப் பிடித்து ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். ஒரே முகம்தான், ஆனால் கழுத்து இரண்டிலும் வேறு வேறாகத் தெரியும். அதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

31 வயது ஆண். பக்கவாட்டில் பார்த்தால் எனக்கு நாடியே இல்லாத மாதிரி இருக்கிறது, கீழுதட்டிலிருந்து நேராகக் கழுத்து. தாடைப் பயிற்சிக்கான ரப்பர் பந்தை ஒரு வருடம் மென்றும் பலனில்லை. லைப்போசக்‌ஷன் போதுமா? – குழித்துறை வாசகர்

மெல்லுவதால் கன்னத்துத் தசைதான் பருக்கும், நாடிக் கொழுப்பு கரையாது. பந்தைத் தூக்கிப் போடுங்கள்.

உங்களுக்கு எலும்பு குறைவு என்று நினைக்கிறேன். கூரை நீட்டம் இல்லாத வீட்டில் சாரல் உள்ளே அடிக்கிற மாதிரி, நாடி எலும்பு முன்னால் நீளாவிட்டால் கொஞ்சம் கொழுப்பும் நிறையத் தெரியும். கொழுப்பை எடுத்தால் அரைப் பலன்தான் கிடைக்கும். நாடி எலும்பையே வெட்டி முன்னுக்கு நகர்த்தும் அறுவையோ, செயற்கை நாடி பொருத்துவதோ சேர்ந்தால்தான் முகவெட்டு மாறும். முதலில் முகத்தாடை அறுவை மருத்துவரிடம் பல் கடிப்பைச் சோதியுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுகிறீர்களா? அப்படியானால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தாடை உள்வாங்கியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது உண்டு. அழகை விட அது முக்கியம்.

நான் 49 வயது. திருவனந்தபுரத்தில் செய்யலாம் என்று இருக்கிறேன். போன வருடக் கடைசியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாரம் நிறுத்தினால் போதுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? – களியக்காவிளை வாசகர்

அந்த மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகும் வரை இந்தப் பேச்சே வேண்டாம், அதற்குப் பிறகும் இதய மருத்துவர் எழுத்தில் சரி சொன்னால்தான். மற்றவர்களும் ஆஸ்பிரின், வலி மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்து என்று சாப்பிடுவது எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். கழுத்துக்குள் ரத்தம் கட்டினால் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சை வராது. முழுப் பணமும் உங்கள் பையிலிருந்துதான், ஜி.எஸ்.டி.யும் சேரும். எல்லை தாண்டிப் போவதில் தப்பில்லை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டம் முடித்தவரா, அந்த மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். செய்யப்போகிறவர் அவரேதானா என்றும் கேட்டு உறுதிசெய்யுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: செய்த அன்று ராத்திரி கழுத்து ஒரு பக்கம் இறுகி வீங்கி மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது? அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் வண்டியில் போக நேரம் இருக்காது. அருகில் ஒரு மருத்துவமனையின் பெயரை அவர் சொல்லாவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.