வாட்ஸ்அப் குழுவில் கையாடல் பழி: சட்டப்படி என்ன செய்யலாம்?

வணக்கம். குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளரான தாங்கள் சங்கப் பணத்தைக் கையாடிவிட்டதாக உறுப்பினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதாகவும், காவல் நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

அம்மறுப்பில் வியப்பில்லை. அவதூறு, போலீசார் தாமே வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றமன்று. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ், பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் விதிக்கப்படலாம்.

முதலில் ஆதாரத்தைக் காப்பாற்றுங்கள். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தச் செய்தி இருக்கும் கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். ஏனெனில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குத் தர வேண்டிய சான்றிதழ் இல்லாத வெறும் அச்சுப்படியை எதிர்த்தரப்பு எளிதில் ஆட்சேபிக்கும். குழுவில் ஒரே வரியில் மறுப்பைப் பதிவு செய்தால் போதும்; பதிலுக்கு வசைபாடினால் தங்கள் மீதே எதிர்வழக்கு வரும்.

அடுத்து, அவர் எழுதிய சொற்களை அப்படியே எடுத்துக்காட்டி, பதிவை நீக்கி அதே குழுவில் மன்னிப்புக் கேட்குமாறு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலான தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. அடங்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். ஆனால் பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் ஏறும் என்பதால், கோபத்தில் கோடி ரூபாய் கேட்காதீர்கள்.

அவர் இதையே, சங்கங்களைப் பதிவு செய்யும் அரசு அதிகாரியான சங்கப் பதிவாளருக்கு நல்லெண்ணத்துடன் புகாராக அனுப்பியிருந்தால், அது அவதூறாகாது. எப்படியானாலும் குற்றச்சாட்டு பொய் என்று காட்ட வேண்டியிருக்கும்; ஆகவே, வழக்கறிஞரைச் சந்திக்கும்போது தணிக்கை செய்த கணக்குகளையும் வங்கி அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.