பேத்தியின் கொப்புளமும் அலமாரியில் பூட்டிய மாத்திரையும்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு 4 வயது. 2 மாதமாகத் தொடை, அடிவயிறு, வாயைச் சுற்றிக் கொப்புளம். அம்மை என்று வேப்பிலை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம், மறுபடியும் வந்தது. அக்கி என்று மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் காவியால் எழுதிப் பார்த்தோம். மதுரையில் தோல் மருத்துவர் சதை எடுத்துச் சோதித்து, ‘லீனியர் ஐஜிஏ’ என்று ஏதோ சொல்லி டாப்சோன் மாத்திரை கொடுக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் அது குஷ்டத்துக்கு உள்ளது என்றார். பயந்துபோய் அலமாரியில் பூட்டிவிட்டேன். மார்கழியில் பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் திருவாதிரைப் புதுமைச் சடங்கு வைத்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகளோடு அவளை உட்கார வைக்கலாமா?
– ஓர் ஆயா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை; பாதியைச் சொன்னார். டாப்சோன் தொழுநோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்துதான். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. சில வெள்ளை அணுக்கள் தோலுக்குள் புகுந்து செய்யும் அட்டகாசத்தை அடக்கும். பேத்திக்கு வேண்டியது அந்தக் குணம். அவளுக்குத் தொழுநோய் இல்லை.

கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஐஜிஏ என்ற பொருள், ஆள் தெரியாமல், மேல்தோலும் அடித்தோலும் ஒட்டும் இடத்தில் போய்ப் படிகிறது. வெள்ளை அணுக்கள் அங்கே கூட, ஒட்டு விட்டுப்போய் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளத்தை ஒட்டிய தோலில் துளி எடுத்து, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஐஜிஏ ஒரே கோடாக மின்னும். ‘லீனியர்’ என்ற பெயர் அந்தக் கோட்டால் வந்தது. இந்நோய் யாருக்கும் ஒட்டாது.

அம்மைக் கொப்புளம் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். இதுவோ ஆறுகிற இடத்தின் ஓரத்திலேயே புதிதாக வட்டம் கட்டும். ஏழுகல் தோட்டில் நடுக்கல் மட்டும் விழுந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. வேளாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பூசிய செங்காவிக்கு அடியில் இந்த வட்டம் மறைந்துபோயிருக்குமே என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். மதுரையில் எடுத்த ரத்தத்தில் அதுவும் பார்க்கப்பட்டதா என்று மகளை விட்டு இன்றே கேளுங்கள். பார்த்துச் சரியாக இருந்தால், இத்தனை நாள் கொடுக்காததையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் அளவில் தொடங்கலாம். தொடக்கத்தில் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள், சலிக்காமல் போங்கள். உதடோ நகமோ நீலம் பாரித்தால், சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால், காய்ச்சலோ தொண்டைவலியோ புதுத் தடிப்போ வந்தால், மூச்சு வாங்கினால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். கண் சிவந்து உறுத்தினாலும், வாய்க்குள் புண் வந்தாலும் சொல்ல வேண்டும். இந்நோய் அங்கேயும் போகும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். அதுவரை கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேய்க்க வேண்டாம். சீழ் பிடித்தால் காட்டுங்கள். இந்நோய்க்குப் பத்தியம் கிடையாது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் எந்த நோய் வந்தாலும் முதல் பழி அவற்றுக்குத்தான்! பிள்ளை கேட்டால் கொடுங்கள்.

புதுமைக்குத் தாராளமாக உட்கார வையுங்கள். பட்டுப்பாவாடையை இடுப்பில் நாடா போட்டு இறுக்காமல், பருத்திச் சட்டையோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். சரிகை உரசினால் அடிவயிற்றுக் கொப்புளம் கிழியும். ஒட்டியாணம் வேண்டாம். மாத்திரை இருந்த அலமாரியில் அது இருக்கட்டும்.