பிளைவுட் விளிம்பில் பிசிறு: விலை கூடின பிட் தேவையா?

கேள்வி: கீழக்கரையில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 800 வாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) உள்ள சிஎன்சி ரவுட்டரில் (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) 18 மிமீ மரைன் பிளையில் ஜாலி (துளை வேலைப்பாட்டுத் தட்டி) வெட்டினால் மேல் விளிம்பு முழுக்கப் பிசிறு. இருப்பது 6 மிமீ அப்கட் பிட். கடையில் கம்ப்ரஷன் பிட் வாங்கச் சொல்கிறார்கள், விலையோ மூன்று மடங்கு. வாங்கலாமா?

பதில்: உங்கள் மெஷினுக்கு வேண்டாம். அப்கட் பிட் தூளை மேலே இழுத்துத் தள்ளும்; அதோடு மேல் வெனீரையும் (பிளையின் மேலுள்ள மெல்லிய மரத்தாள்) பெயர்த்துவிடும். கம்ப்ரஷன் பிட்டில் நுனி மட்டும் அப்கட், அதற்கு மேலே டவுன்கட், அதாவது தூளைக் கீழே தள்ளும் வெட்டு. ஆகவே இரண்டு முகமும் சுத்தமாக வரும். ஆனால் ஒரு நிபந்தனை: முதல் வெட்டே அந்த அப்கட் நுனியைவிட ஆழமாக இறங்க வேண்டும். நுனிப் பகுதி 6 மிமீ என்றால் முதல் வெட்டு 7 மிமீயாவது போக வேண்டும். 800 வாட்டில் அது திணறும். நீங்கள் 2, 3 மிமீயாக இறக்கினால் மேல் முகத்தைத் தொடுவது அதே அப்கட் நுனிதான். காசு மூன்று மடங்கு, பிசிறு பழையபடி. இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

2 ஃப்ளூட் (இரண்டு வெட்டுப் பள்ளம் உள்ள) டவுன்கட் பிட் வாங்குங்கள். மேல் வெனீரை அழுத்தியபடி வெட்டும். கீழ்முகம்? ஜாலி இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் அடியில் புது எம்டிஎஃப் பலகை வைத்து இறுக்குங்கள். பழைய வெட்டுத் தடம் விழுந்த பலகை தாங்காது. டவுன்கட் தூளைப் பள்ளத்திலேயே அடைக்கும், அதனால் வாக்குவம் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கோட்டில் 0.3 மிமீ விட்டு வெட்டி, கடைசியில் அதை மட்டும் ஒரு சுற்று சீவினால் விளிம்பு இன்னும் தெளியும். கருகிய வாடை வந்தால் பிட் பலகையில் நகரும் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது ஸ்பிண்டில் சுழலும் வேகத்தைக் குறையுங்கள்.

வாங்கும்போது 'சாலிட் கார்பைடு' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மரைன் பிளையின் பசை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். வெட்டு நீளம் 22 மிமீ போதும். நீளம் கூடினால் பிட் வளையும். தண்டு 6 மிமீயா, 6.35 மிமீயா என்று பார்த்து, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். உப்புக்காற்றில் காலெட் துருப்பிடித்தால் பிட் ஆட்டம் போடும், எந்த பிட்டும் சுத்தமாக வெட்டாது. வேலை முடிந்ததும் கழற்றி எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

பிளையில் மரைன் பிளைக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710 இருக்கிறதா? இல்லையென்றால் பிசிறுக்குப் பாதிக் காரணம் பலகைதான். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கும் கருவிக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் உங்களையும் நுகர்வோராகவே கருதுவார்கள். பில்லில் உள்ளதும் கொடுத்த பொருளும் வேறாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.