பணயம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குக் களியக்காவிளையில் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, பங்குச் சந்தையின் நிஃப்டி குறியீடு ஏறுமா இறங்குமா என்று கணித்து, ஃபோனில் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்க ஆரம்பித்தேன். முதல் மாதம் 70 ஆயிரம் லாபம் வந்தது, அதுதான் வினை. எட்டு மாதத்தில் 6 லட்சத்து 40 ஆயிரம் போய்விட்டது. அதில் 2 லட்சம் மனைவியின் நகையைப் பணயம் வைத்து எடுத்தது. நகை லாக்கரில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. 2008இல் நீங்களும் அடிபட்டதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எப்படி மீண்டீர்கள்? விட்டதைப் பிடிக்க வழி உண்டா?

பெயர் வேண்டாம், களியக்காவிளை

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'பணயம்' என்ற சொல்லிலேயே கண் போய்ப் போய் நின்றது. மதுரைக்காரர் என்றால் 'அடகு' என்று எழுதியிருப்பார். நம்முடையது மலையாளத்தோடு ஒட்டிய பேச்சு, வங்கியில் நகை வைத்தாலும் பணயம்தான். மற்ற தமிழருக்கோ அது சூதாட்டத்தில் வைக்கிற பொருள். உங்கள் விஷயத்தில் இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது. குத்திக்காட்டச் சொல்லவில்லை, நானும் வைத்தவன்தான்.

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியபோது, ரப்பர் ஷீட் விற்ற பணத்தை ஒரு கட்டுமான நிறுவனத்தின் பங்கில் போட்டேன். விலை இறங்க இறங்க மேலும் வாங்கி 'ஆவரேஜ்' பண்ணினேன். அக்டோபரில் சென்செக்ஸ் 8,000க்குக் கீழேயும் போய் வந்தது. பிற்பாடு சந்தை ஏறிவிட்டது, என் பங்கு ஏறவில்லை. வாங்கிய விலை வந்ததும் விற்றுவிடலாம் என்று ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்று அந்தப் பங்குக்குத் தெரியுமா? பணம் போனதுகூடப் பரவாயில்லை. "ஷீட்டு வித்த ரூவா எங்கடே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் ஒரு பொய் சொன்னேனே, அதுதான் அரித்தது. கடைசியில் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தள்ளிவிட்டு அவரிடம் சொன்னேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நஷ்டத்தில் நிற்கிறவன் அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகப் பெரிய ஆபத்தில் தலையைக் கொடுப்பான் என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டுக் கணக்கை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (எஃப் அண்ட் ஓ) இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். எனக்கு அதைவிட உறைத்தது வேறு: வருடக்கணக்கில் நஷ்டப்பட்டும் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடவில்லை. அத்தனை பேரும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

விட்டதை அதே இடத்தில் பிடிக்க வழி இல்லை தம்பி. 2011இல் கிலோ 240 வரை போன ரப்பர் 2016இல் 100க்குக் கீழே வந்தபோது, எங்கள் பக்கம் பலர் பால் வெட்டையே நிறுத்தினார்கள். மரம் நின்றது, விலை தேறியதும் வெட்டினார்கள். நல்ல கம்பெனியின் பங்கு கையில் இருந்தால் அப்படிக் காத்திருக்கலாம். ஆப்ஷன் எக்ஸ்பைரி நாளோடு, அதாவது அதன் கெடு தேதியோடு, முடிந்தது, அங்கே மரமே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் 'பொறுமையாக இரு' என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

சரி, புரோக்கர் கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவையே மூடிவிடுங்கள். ஃபோனிலிருந்து ஆப்பை மட்டும் அழித்தால், பஸ் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் திரும்ப ஏற்றிவிடுவீர்கள். அப்புறம் எட்டு மாத கான்ட்ராக்ட் நோட்டுகளை, அதாவது வாங்கி விற்றதற்குப் புரோக்கர் அனுப்பிய சீட்டுகளை எடுத்து, முந்தின நாள் விட்டதைப் பிடிக்க வாங்கியவற்றை மட்டும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, போட்ட பணத்தில் பாதிக்கு மேல் விலை சரிந்த பிறகு போட்டது என்று தெரிந்தது. அதுவரை சந்தையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தூக்கம் திரும்பாவிட்டாலோ, இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள், ஏதாவது கல்யாணத்துக்கு அவர் லாக்கரைத் திறக்கப் போவதற்கு முன்பே. நகைக்கடன் எந்தத் தேதியில் முடிகிறது, வட்டி எவ்வளவு என்று எழுதவில்லையே. இரண்டையும் எழுதுங்கள், சம்பளத்தில் மாதம் எவ்வளவு கட்டினால் நகை வீடு திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.