நாள் நகரவில்லை, ஆனால் மாதங்கள் மட்டும் ஓடிவிடுகின்றன. இது மனநோயா?

ஒரு பகல் பொழுதைத் தள்ளவே முடியவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தால் ஆறு மாதம் எங்கே போனது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நோயா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை, எனக்கும் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. மதியம் மூன்று மணி ஆனால் நாலு மணி வராது. அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

நேரம் போய்க்கொண்டிருக்கும்போது உணர்வது வேறு, போன பிறகு கணக்குப் பார்ப்பது வேறு. சோர்ந்த மனசு வேறெதிலும் ஒட்டாமல் தன்னையும் கடிகாரத்தையுமே பார்த்துக்கொண்டிருப்பதால் நிமிஷம் நீளுகிறது. பின்னால் கணக்குப் பார்ப்பது நினைவின் வேலை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடைக்காது, அதனால் போன மாதங்கள் சுருங்கித் தெரியும்.

மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962-ல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள், கடிகாரமும் வெயிலும் இல்லாமல், இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று மேலே இருந்தவர்கள் சோதனை முடிந்தது என்றபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான்! நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாராம். இத்தனைக்கும் அவர் உடம்பு தூங்கி விழித்த சுழற்சி கிட்டத்தட்ட 24 மணி நேரமாகவே இருந்தது. பத்து வருஷம் கழித்து டெக்சாஸில் ஆறு மாதம் குகையில் இருந்தபோது தனிமை தாங்காமல் தற்கொலை எண்ணம் வரைக்கும் போய்விட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனச்சோர்வு உள்ளவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை 2015-ல் ஜெர்மனியில் சேர்த்துப் பார்த்தார்கள். நேரம் மெதுவாகப் போகிறது என்று அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் இத்தனை நொடி ஆனது என்று மதிப்பிடச் சொன்னால் மற்றவர்களிடமிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். மூளையில் ஏதோ பழுதாகிவிட்டது என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன்.

சரி, என்ன செய்வது? 'சுறுசுறுப்பா இரு' என்று அறிவுரை சொல்பவர்களை விடுங்கள், முடிந்தால் இருக்க மாட்டோமா. என் கவுன்சிலர் சொன்னது சின்ன விஷயம்: மனசு வருகிறதோ இல்லையோ, தினமும் ஒரு வேலையை மட்டும் நேரம் குறித்து, முடிந்தவரை வீட்டுக்கு வெளியே செய்வது. நான் சாயங்காலம் காய்கறிக் கடைக்குப் போனேன். உடனே ஒன்றும் மாறவில்லை, கொஞ்ச நாளில் செவ்வாய்க்கும் புதனுக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் சேர்ந்து கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள், நேரம் நகராத கதையையும் அவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.