பி.காம். முடித்தவர் எம்.பி.ஏ.வில் பிசினஸ் அனலிட்டிக்ஸ் எடுக்கலாமா?

பி.காம். முடித்திருக்கிறேன், பள்ளியோடு கணிதத்தை விட்டுவிட்டேன், தரவை அலசி வணிக முடிவெடுக்கக் கற்றுத்தரும் பிசினஸ் அனலிட்டிக்ஸ் பிரிவை எடுத்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பி.காம். படித்துவிட்டு அந்தப் பிரிவில் சேர்ந்தவன்தான். தாராளமாக எடுக்கலாம். எக்செல், பைத்தான் என்ற நிரல்மொழி போன்றவற்றைப் பழகப் பழகக் கற்றுக்கொண்டுவிடலாம். கையில் இருக்கும் தரவில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் வருவதற்கு நாளாகும்.

கோடைப் பயிற்சிக்கு நான் போன மளிகை அங்காடியில் இட்லி மாவுப் பாக்கெட்டின் விற்பனைக் கணக்கைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லா நாளும் 40 என்றிருந்ததால், தேவை சீராக இருக்கிறது என்று அறிக்கை எழுதினேன். பில் போடும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆறு மணிக்கே மாவு தீந்துடும். அப்புறம் வந்து கேட்டுட்டுப் போறவங்கள யாரு எழுதி வைக்கிறா?" என்றார். 40 என்பது வந்திறங்கிய சரக்கின் அளவு மட்டுமே. பிறகு, கடைசிப் பாக்கெட் எத்தனை மணிக்கு விற்றது என்பதைப் பில்களிலிருந்து எடுத்து, உண்மையான தேவையை மதிப்பிட்டேன்.

அது தெரிந்தாலும் எத்தனை வாங்குவது என்ற கேள்வி நிற்கிறது. 28 ரூபாய்க்கு வாங்கி 40 ரூபாய்க்கு விற்கும் பாக்கெட் மறுநாள் புளித்து வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் 12 ரூபாய் லாபம் போகும். ஒன்று மிஞ்சினால் 28 ரூபாய் நட்டம். 12-ஐ, இந்த இரண்டையும் கூட்டிய 40-ஆல் வகுத்தால் 0.3. அதாவது, பத்து நாளில் மூன்று நாள் மட்டும் தேவை முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்குச் சரக்கு எடுப்பதே லாபம். மாவு கிடைக்காமல் வேறு கடைக்கே போய்விடும் வாடிக்கையாளரின் இழப்பையும் அந்த 12-இல் சேர்த்தால் விடை மாறிவிடும். எதைச் செலவில் சேர்ப்பது என்பதில் பி.காம். படித்தவருக்கு நல்ல பிடிமானம் உண்டு.

விடுபட்ட தரவு உயிரையும் வாங்கும் என்பதை வகுப்பில் சேலஞ்சர் விண்கல விபத்தை எடுத்துப் பேசியபோது உணர்ந்தேன். 1986 ஜனவரி 28 அன்று 36 டிகிரி பாரன்ஹீட் குளிரில் ஏவப்பட்ட அந்தக் கலம் சிதறி, 7 பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களின் சேதத்துக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டா என்று ஏவுவதற்கு முன் ஆராய்ந்தவர்கள், சேதம் நேர்ந்த பயணங்களை மட்டும் ஒப்பிட்டதால் தொடர்பு தெரியவில்லை என்று விசாரணை ஆணையம் சுட்டிக்காட்டியது. எல்லாப் பயணங்களையும் சேர்த்திருந்தால், 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களிலும் சேதம், 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20-இல் 3-இல் மட்டுமே சேதம் என்பது கண்ணில் பட்டிருக்கும். அந்த வகுப்புக்குப் பிறகு பல நாள் எனக்கு அதே நினைவாக இருந்தது.

முதல் பருவத்தில் நிகழ்தகவும், ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் ரெக்ரஷனும் உங்களைப் பாடாய்ப் படுத்தும். சேர்வதற்கு முன்பே தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் 11, 12-ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூல்களை எடுத்து, அந்தப் பாடங்களின் கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். எனக்குக் கைகொடுத்தவை அவைதான்.